கழுத்தில் இழுத்த கோடு

கடந்த இதழில் பிரெஞ்சு ஓவியர் ழான் துபுஃபே பற்றி நண்பர் எழுதியிருந்த கட்டுரையை மூன்று தடவை படித்தேன். முதல் தடவை சந்தோஷத்தோடு. எமது சஞ்சிகைகளில் ஓவியம் பற்றி எழுதுவதே அபூர்வம். எழுதினாலும் பிக்காசோவைத் தாண்டமாட்டோம். இரண்டாம் தடவை சந்தேகத்தோடு. மூன்றாம் தடவை படித்து முடித்தபோது கோபம்தான் மிஞ்சியது. நண்பர் துபுஃபேயைப் பற்றி எழுதவில்லை, துபுஃபேயை ஓர் அப்புக்காத்தாக அமர்த்தி வழக்காடியிருக்கிறார் என்பது அப்போதுதான் விளங்கிற்று.

வழக்கு என்னவென்று இந்த வட்டத்தில் இருப்பவர்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். புத்தளத்தில் இருக்கும் ஒரு தங்கை மாக்கர் பேனாக்களால் பிரிஸ்டல் போட் அட்டைகளில் பதினான்கு சித்திரங்கள் வரைந்திருக்கிறார். அவற்றில் ஒன்றை ஒரு தொகுப்பு நூலுக்கு அட்டைப்படமாகப் போடுவதாகச் சொல்லி வாங்கிப் போனார்கள். உயிருள்ளவற்றின் உருவங்கள் இப்படி நெருக்கியடித்து நிற்கிற படத்தை முஸ்லிம்களின் நூலுக்கு அட்டையாக்குவது எப்படி என்று ஒரு மௌலவி கேட்டார். நூல் வெறும் பச்சை அட்டையோடு வந்தது. தங்கைக்கு யாரும் காரணம் சொல்லவில்லை. சித்திரத்தை மட்டும் நான்காக மடித்துத் திருப்பிக் கொடுத்தார்கள்.

நண்பர் அவருக்கு ஆதரவாகத்தான் எழுதினார். அதில் எனக்குச் சந்தேகமில்லை. அவருடைய வாதத்தின் சாராம்சம் இது: துபுஃபேயின் 'ஊர்லூப்' தொடரில் ஆயிரம் உருவங்கள் இருப்பதுபோலத் தெரிந்தாலும் உண்மையில் ஒன்றுமில்லை, எல்லாம் கோடுகளுக்குள் கரைந்துவிடுகின்றன, நவீன ஓவியத்தில் இஸ்லாமியக் கொடியலங்காரத்துக்கு மிக அருகே வந்தது இதுதான், தங்கையின் சித்திரங்களும் அதே வகை, அவற்றில் நிறமும் கோடும் இருக்கின்றன, மனிதன் இல்லை, ஆகவே ஹராம் ஹலால் என்ற கேள்வியே எழவில்லை.

இந்தத் தற்காப்பு மௌலவியின் ஆட்சேபத்தைவிட மோசமானது என்பதே என் கட்சி.

முதலில் துபுஃபேக்கு நியாயம் செய்வோம். 1901இல் லெ ஹாவ்ர் துறைமுக நகரில் வைன் வியாபாரி ஒருவரின் மகனாகப் பிறந்தவர். தானும் அந்த வியாபாரத்தைச் செய்துவிட்டு 1942இல்தான் ஓவியமே இனித் தொழில் என்று இறங்கினார். மனநோய் விடுதிகளில் இருந்தவர்கள், கைதிகள், கலைக்கூடங்களின் வாசலையே மிதிக்காதவர்கள் வரைந்தவற்றைத் தேடிச் சேர்த்து, அதற்கு 'ஆர் ப்ரூட்', அதாவது பச்சைக் கலை, என்று பெயர் வைத்தார். அந்தச் சேகரிப்பு சுவிற்சர்லாந்தின் லொசான் நகரில் 1976 முதல் தனி அருங்காட்சியகமாக இருக்கிறது. பண்பாடு மனிதனை மூச்சுத் திணறவைக்கிறது என்று 1968இல் ஒரு நூலும் எழுதினார். அந்த நூலின் கோபத்தில் பாதியாவது எனக்கும் உண்டு.

ஊர்லூப் தொடங்கிய கதை பிரசித்தம். 1962 ஜூலையில் தொலைபேசியில் பேசிக்கொண்டே கைக்கு அகப்பட்ட சிவப்பு, நீல போல்பொயின்ட் பேனாக்களால் கடதாசியில் கிறுக்கினார். கிறுக்கியதை வெட்டிக் கறுப்புத் தாளில் ஒட்டிப் பார்த்தபோது அது வேறொன்றாக எழுந்து நின்றது. அங்கிருந்து 1974 வரை பன்னிரண்டு வருடம் அவர் அதிலேயே கிடந்தார். ஊர்லூப் என்று பிரெஞ்சில் ஒரு சொல் இல்லை, அவரே செய்துகொண்டது. ஊளையிடுதல், ஆந்தையின் அலறல், ஓநாய் எல்லாம் அந்த ஓசைக்குள் கேட்குமாம். எமது காதில் முதலில் விழுவது 'ஊர்' தான். அந்தப் படங்களுக்குள் ஊர் இருக்கிறதா என்பதுதான் என்னுடைய பிரச்சினையும்.

போல்பொயின்டின் இடத்துக்கு மாக்கர் வந்தது. அறுபதுகளில் அது கடைக்கு வந்த புதுச் சரக்கு. மாக்கர் தயவுதாட்சண்யம் இல்லாத கருவி. அழுத்தினாலும் மெல்லத் தொட்டாலும் ஏறக்குறைய ஒரே தடிப்பு. தூரிகையைப்போலக் கையின் நடுக்கத்தையும் தயக்கத்தையும் காட்டிக்கொடுக்காது. இழுத்த கோட்டை அழிக்க வழியில்லை. ஒரு நிறத்தின் மேல் இன்னொன்றை ஏற்றினால் சேறாகிவிடும். ஆகவே நிறங்களைப் பக்கத்தில் பக்கத்தில்தான் குடிவைக்க வேண்டும். இரண்டு வீட்டுக்கு நடுவே வேலிபோல ஓர் எல்லை வேண்டும். துபுஃபே அந்த வேலியையே தன் மொழியாக்கினார். கறுப்புக் கோட்டால் வளைத்த அறைகள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு தாள் முழுக்கப் பரவுகின்றன. சில அறைகளுக்குள் சிவப்பு இணைகோடுகள், சிலவற்றுக்குள் நீலம், சில வெறும் வெள்ளை. கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்தால் ஒரு மூக்கு தெரியும். பிறகு ஒரு தொப்பி, ஒரு கோப்பை, ஒரு நாய். கண்ணை எடுத்துவிட்டுத் திரும்ப வைத்தால் அதே மூக்கு பக்கத்து ஆளின் முழங்கையாகியிருக்கும். 1963இல் ஒரு பெரிய ஓவியத்துக்கு 'இருபொருள்களின் வங்கி' என்று பெயர் வைத்தார். மிகச் சரியான பெயர். (1972இல் நியூயோர்க்கில் உண்மையான வங்கி ஒன்றின் முற்றத்தில், பன்னிரண்டு மீற்றர் உயரத்தில், இதே பாணியில் நான்கு மரங்களை நிறுத்தினார். பண்பாட்டை எதிர்த்தவரின் கிறுக்கல் சேஸ் மன்ஹாட்டனின் வாசலில் நின்றது பற்றி வேறொரு கட்டுரை எழுதலாம்.)

எனக்கு இந்தப் படங்களைப் பிடிக்கும். கொழும்பில் ஒரு நூலகத்தில் முதன்முதலாக இவற்றின் அச்சுப் பிரதிகளைப் பார்த்த அன்று நான் கடைசி பஸ்ஸைத் தவறவிட்டேன். சண்டைக்காக அதை மறைக்கமாட்டேன்.

ஆனால் அந்தத் தொலைபேசிக் கதையை நண்பர் பாவித்திருக்கும் விதம் வேறு. கை தானாக வரைந்தது, நோக்கம் எதுவும் இல்லை, நோக்கம் இல்லாததால் உருவமும் இல்லை என்கிறார். நிய்யத் இல்லாத அமல் என்று அவர் எழுதவில்லை, வாதம் அதுதான். அந்தக் கை 1962க்கு முன்னர் எங்கெல்லாம் போய்வந்தது என்று அவர் விசாரிக்கவில்லை. முஸ்லிம் எழுத்தாளர்களின் சஞ்சிகையில் துபுஃபேயைப் பற்றி எழுதுபவர் அதை விசாரித்திருக்க வேண்டும்.

1947க்கும் 1949க்கும் இடையில் துபுஃபே மூன்று தடவை அல்ஜீரிய சஹாராவுக்குப் போனார். எல் கொலேயா என்ற பாலைவனச் சோலையில் தங்கினார். அல்ஜீரியா அப்போது பிரான்சின் கையில். அவர் அங்கே அரபு படித்தார், கொப்பி கொப்பியாக ஒட்டகமும் பேரீச்சையும் மணலில் பதிந்த கால்தடமும் வரைந்தார். அங்கிருந்து வந்த தொடருக்கு 'அல்லாஹ்வின் ரோஜாக்கள், பாலைவனக் கோமாளிகள்' என்று பெயர். எம்மவர்கள் இந்தப் பெயரைக் கேட்டால் கொதிப்பார்கள். நான் கொதிக்கவில்லை. துபுஃபேயின் அகராதியில் கோமாளி வசைச்சொல் அல்ல. பாரிஸ்காரர்களையும் அவர் அப்படித்தான் பார்த்தார். என்னை உறுத்துவது வேறு. அதே 1947 ஒக்டோபரில் பாரிஸில் அவர் மனித முகங்களின் காட்சி ஒன்றை வைத்தார். அர்த்தோ, மிஷோ, போலான் என்று அன்றைய எழுத்தாளர்கள். முகங்களைக் கோணலாக்கி, பல்லைப் பெருப்பித்து, கேலியாகத்தான் வரைந்திருந்தார். ஆனாலும் ஒவ்வொருவருக்கும் கீழே அவரவர் பெயர் இருந்தது. சஹாராவின் மனிதர்களோ பெரும்பாலும் 'பேரீச்சை மரத்தோடு ஓர் அரபி', 'ஒட்டகத்தோடு ஒரு நாடோடி'. அவர்களோடு இருந்து அவர்களுடைய மொழியைப் படித்தவருக்கு அவர்களின் பெயர்கள் தெரியாமல் இருந்திருக்காது.

1961இல், ஊர்லூப்புக்குச் சற்று முன்னர், 'பாரிஸ் சர்க்கஸ்' என்ற தொடரை வரைந்தார். தெருக்கள், கடைப் பலகைகள், வாகனங்கள், இண்டு இடுக்கெல்லாம் மனிதர்கள், கண்ணைப் பறிக்கும் நிறங்கள். நான் பார்த்த நகர ஓவியங்களில் இவ்வளவு சனம் நிறைந்தவை கொஞ்சம்தான். அதே பாரிஸில், அதே வருடம் ஒக்டோபர் 17ஆம் திகதி, தம்மீது மட்டும் விதிக்கப்பட்ட ஊரடங்கை எதிர்த்து அல்ஜீரியர்கள் ஆயிரக்கணக்கில் ஊர்வலம் போனார்கள். பொலிஸார் அடித்தார்கள், சுட்டார்கள், ஸேன் நதிக்குள் தள்ளினார்கள். எத்தனை பேர் மாண்டார்கள் என்ற கணக்கு இன்றும் சர்ச்சைதான். பிரான்சின் ஜனாதிபதி ஒருவர் அந்த இரத்தக்களரியை ஒப்புக்கொண்டு வாய்திறக்க 2012 வரை சென்றது. துபுஃபே வரைந்த நெரிசலான தெருக்களில் அந்தக் கூட்டம் எனக்குத் தென்படவில்லை.

ஓவியர் பத்திரிகை நிருபர் அல்ல, ஒப்புக்கொள்கிறேன். தொலைபேசியில் கிறுக்கிய 1962 ஜூலை, அல்ஜீரியா விடுதலையடைந்த அதே ஜூலை. அது 5ஆம் திகதி. இதற்கும் அதற்கும் காரணகாரியத் தொடர்பு கற்பித்தால் நான் நண்பரைவிட மோசமான அப்புக்காத்தாவேன். நான் சொல்வது இவ்வளவுதான்: துபுஃபேக்கு முகத்தைக் கரைப்பது ஒரு விளையாட்டு. அபாரமான விளையாட்டு. அவருடைய சொந்த முகத்தை யாரும் கரைக்க வரவில்லை. அது அவருடைய அடையாள அட்டையில் பத்திரமாக இருந்தது.

இனி நண்பரின் கொடியலங்காரத்துக்கு வருவோம். ஊர்லூப் எமது பள்ளிவாசல் சுவர் அலங்காரத்துக்கு நெருக்கமானது என்கிறார். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாரா? எமது அலங்காரம் ஒழுங்கினால் நடப்பது. ஒரு சிறு அலகு, அது திரும்பி வரும் என்ற உறுதி, சுவர் முடிந்தாலும் முடியாமல் போய்க்கொண்டிருக்கும் கணக்கு. ஊர்லூப்பில் எந்த அறையும் இரண்டாம் தடவை அதேபோல வருவதில்லை. அது கண்ணைச் சாந்தப்படுத்துவதில்லை, கண்ணை வேட்டைக்கு அனுப்புகிறது. அதோ ஒரு ஆள் என்று காட்டி, இல்லையே என்று ஏமாற்றுவதுதான் அதன் இன்பம். உருவம் இல்லாத இடத்தில் இந்த ஏமாற்று நடக்காது. உருவத்தை விரும்பாதவர் அல்ல துபுஃபே. உருவத்தைச் சந்தேகித்தவர். சந்தேகிக்க ஓர் உருவம் இருந்தாக வேண்டும்.

எமது மரபு என்பது சுவர் அலங்காரம் மட்டுமே என்ற அனுமானத்தையும் நண்பர் எவரிடமோ கடன் வாங்கியிருக்கிறார். ஹிஜ்ரி 634, கிறிஸ்து ஆண்டு 1237. ஹரீரியின் மகாமாத்தைப் படியெடுத்து 99 சித்திரங்களோடு முடித்தார் யஹ்யா அல் வாஸிதி என்ற கலைஞர். பக்தாதின் கலைமரபில் வந்த அந்தப் பிரதி இப்போது பாரிஸில், பிரான்சின் தேசிய நூலகத்தில் இருக்கிறது. அதில் ஒரு கிராமத்தின் படம் உண்டு. முன்னால் ஒட்டகங்களில் வந்த இரண்டு வழிப்போக்கர்கள் ஊர்க்காரன் ஒருவனோடு கதைத்துக்கொண்டிருக்கிறார்கள். பின்னால் ஊர் முழுக்க விரிகிறது: பள்ளிவாசல், மினாரா, குளத்தில் வாய் வைக்கும் ஆடுகள், வாசலில் கதிரோடு நூல் நூற்கும் பெண், கூரைமேல் கோழி. இன்னொரு படத்தில் பெருநாள் ஊர்வலத்துக்காகக் கொடிகளும் முரசுகளுமாகக் குதிரைவீரர்கள் தாளுக்குள் அடங்காமல் நெருங்கி நிற்கிறார்கள். அடிமைச் சந்தையும் இருக்கிறது. அல் வாஸிதி முடித்து இருபத்தொரு வருடத்தில், 1258இல், மங்கோலியர் பக்தாதை அழித்தார்கள். அந்த ஊர் மக்கள் எப்படி உட்கார்ந்தார்கள், எப்படி விரலை நீட்டிப் பேசினார்கள் என்று இன்று நாம் பார்ப்பது அந்த மனிதர் அவர்களை வரைந்து வைத்ததால்தான்.

அல் வாஸிதியை வைத்து உருவம் ஆகுமென்று பத்வா கொடுக்க நான் வரவில்லை. அவர் காலத்திலும் மறுப்பு இருந்தது. ரஷ்யாவில் சென் பீற்றர்ஸ்பேர்க்கில் அதே மகாமாத்தின் இன்னொரு பழைய சித்திரப் பிரதி இருக்கிறது. பிற்காலத்தில் அதை வைத்திருந்த யாரோ பேனாவை எடுத்து, படத்திலுள்ள மனிதர்களின் கழுத்துக்குக் குறுக்கே ஒவ்வொரு கோடு இழுத்திருக்கிறார். தலை வேறு உடல் வேறாகிவிட்டால் அது உயிருள்ள உருவம் அல்ல, மரத்தைப் போன்றது என்ற மார்க்க விளக்கத்தின் பேரில் செய்தது. படத்தைக் கிழிக்கவில்லை. நிறம் அப்படியே இருக்கிறது, உடுப்பு இருக்கிறது, கூட்டம் இருக்கிறது. கழுத்தில் மட்டும் கோடு.

நண்பரே, உங்கள் கட்டுரை அந்தக் கோடுதான்.

மௌலவி தங்கையின் படத்தைப் பார்த்தார், அதில் மனிதர்களைக் கண்டார், கண்டதனால் ஆட்சேபித்தார். அவருடைய முடிவோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனால் அவர் கண்டார். நீங்கள் பார்த்துவிட்டு அங்கே யாருமே இல்லை என்று சாட்சி சொல்கிறீர்கள். ஒரு பெண் இரண்டு வருடம் உட்கார்ந்து ஒவ்வொருவருக்கும் கண்ணும் புருவமும் வைத்து வரைந்ததை, காப்பாற்றுகிறேன் என்று சொல்லிக்கொண்டு, நிறமும் கோடும் ஆக்கிவிட்டீர்கள். பிக்ஹில் இதற்கு ஹீலா என்று ஒரு பெயர் இருக்கிறது. சட்டத்தின் எழுத்து மீறப்படாமல் காரியத்தை முடித்துக்கொள்கிற தந்திரம். வியாபாரத்தில் ஹீலா செய்தால் பணம் கைமாறும். கலையில் ஹீலா செய்தால் மனிதர்கள் காணாமற்போவார்கள்.

நான் ஆலிம் அல்ல. ஆனாலும் இந்த விவாதத்தை நேருக்கு நேர் நடத்த எமக்கு ஆதாரங்கள் இல்லாமலும் இல்லை. நாம் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹப் இதில் கண்டிப்பானது, தெரிந்ததுதான். மாலிகி மத்ஹபில் நிழல் விழாத உருவங்களை வெறுக்கத்தக்கவை என்ற அளவில் நிறுத்திக்கொண்டவர்கள் உண்டு. துணியில் உள்ள வரைவுக்கு விலக்குச் சொல்லும் அறிவிப்பும் உண்டு, அதை எப்படி விளங்குவது என்ற சர்ச்சையும் உண்டு. கடவுச்சீட்டுக்கும் அடையாள அட்டைக்கும் முகம் கொடுக்காமல் இந்த நாட்டில் ஒரு சோதனைச் சாவடியைக் கடந்தவர் எம்மில் யார்? தேவைக்கு ஆகும் என்றார்கள் உலமாக்கள். சரி, நினைவும் ஒரு தேவைதான் என்று மௌலவியின் முன்னால் உட்கார்ந்து வாதாடலாம். தோற்றாலும் தோற்கலாம். தோற்றால் இன்ன காரணத்துக்காகத் தோற்றோம் என்பதாவது தெரிந்திருக்கும். அங்கே மனிதனே இல்லை என்று சொல்லி வென்றால், வென்ற பிறகு கையில் என்ன இருக்கும்?

அந்தப் பதினான்கு அட்டைகளை இந்த வட்டத்தில் எத்தனை பேர் நேரில் பார்த்தார்கள் என்று தெரியவில்லை. நண்பர் கைத்தொலைபேசியில் இரண்டு படங்களைப் பார்த்துவிட்டு எழுதினார் என்று அறிகிறேன். நான் தங்கையின் வீட்டுக்குப் போய், நிலத்தில் பாயை விரித்து, எல்லாவற்றையும் வரிசையாகப் பரப்பிப் பார்த்தேன்.

அவரிடம் இருப்பது பிள்ளைகள் பாடசாலைக்குக் கொண்டுபோகும் பன்னிரண்டு நிறப் பெட்டி. அதில் மனிதத் தோலுக்கு ஏற்ற நிறம் கிடையாது. அதனால் முகங்கள் தோடம்பழ நிறத்தில், ஊதாவில், சில பச்சையில். காய்ந்துபோன மாக்கரின் முனையில் ஒரு சொட்டுக் கொலோன் விட்டு உயிர்ப்பிக்கிறார். அப்படி உயிர்ப்பித்த நிறம் கொஞ்சம் வெளிறியிருக்கும். அதைத் தூரத்தில் நிற்பவர்களுக்கு ஒதுக்குகிறார். இதை அவருக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. அட்டையில் விரல்நுனி அளவுக்குக்கூட வெற்றிடம் இல்லை. ஆறாவது அட்டையில் தலைகளை எண்ணத் தொடங்கி இருநூறைத் தாண்டியதும் கைவிட்டேன். துபுஃபேயின் அறைகள்போல இங்கேயும் ஒருவரையொருவர் முட்டிக்கொண்டுதான் நிற்கிறார்கள். ஆனால் ஒருவரின் மூக்கு இன்னொருவரின் முழங்கையாவதில்லை. கண்ணை எடுத்துவிட்டுத் திரும்ப வைத்தாலும் அந்த ஆள் அங்கேயே நிற்கிறார்.

ஒவ்வொரு அட்டைக்குப் பின்னாலும் பென்சிலால் தலைப்பு எழுதியிருக்கிறார். 'ஐந்து சந்தி, அஸருக்குப் பிறகு.' 'மைதானம்.' 'கிடுகு வந்த நாள்.' 'தண்ணீர் பவுசர்.' பவுசர் அட்டையில் மனிதர்களைவிட வாளிகள் அதிகம். சிவப்பு, நீலம், மஞ்சள் பிளாஸ்ரிக் வாளிகள் வாகனம் வரும் முன்னரே வரிசையில் இடம் பிடித்து நிற்க, ஒவ்வொன்றுக்கும் பின்னால் சற்றுத் தள்ளி நிழலில் அதன் சொந்தக்காரி. எந்த வாளி யாருடையது என்று தங்கையின் உம்மம்மா விரலை வைத்துச் சொன்னார். தங்கை அகதி முகாமில் பிறந்தவர். யாழ்ப்பாணத்தைப் பெரியவளான பிறகுதான் பார்த்தார். வரைந்ததெல்லாம் உம்மம்மா சொல்லக் கேட்டு. பிழையாக இருந்தால் உம்மம்மா ஏசுவாராம்: அவர் மெலிந்த மனிசன், இப்படித் தடிப்பாக வரையாதே, இவள் முக்காட்டை இடப் பக்கத்தால்தான் போடுவாள்.

1990 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் ஜின்னா மைதானத்துக்கு வரச்சொன்னார்கள். இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளியேறச் சொன்னார்கள். அந்த மாதத்தில் வடக்கின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் விரட்டப்பட்டவர்கள் ஏறக்குறைய 75,000 பேர் என்று சொல்லப்படுகிறது. ஏறக்குறைய. வீடு வீடாக எண்ணி அனுப்பவில்லை, எண்ணி வரவேற்கவும் இல்லை. நான் அந்த மைதானத்தில் நின்றவன். அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. அந்தக் கூட்டத்தின் படம் ஒன்று என்னிடம் இல்லை. யாரிடமும் நான் பார்த்ததில்லை. கமரா வைத்திருந்தவர்களும் கமராவை விட்டுவிட்டுத்தான் வந்தார்கள்.

'மைதானம்' என்ற அட்டையின் வலப்பக்க மூலையில், எல்லோரும் ஒரு திசையில் நகர்ந்துகொண்டிருக்க, ஒரு மனிதர் தையல் மெஷினின் தலையை மட்டும் கழற்றித் தோளில் வைத்துக்கொண்டு நகராமல் நிற்கிறார். உதடு பச்சை, சாரன் ஊதா. என் வாப்பா தையற்காரர். மெஷினை வீதிச் சோதனையில் இறக்கி வைத்துவிட்டுத்தான் வந்தார். தங்கைக்கு என் வாப்பாவைத் தெரியாது. இது வேறு யாரோ ஒரு தையற்காரராக இருக்கலாம், எமது தெருக்களில் அவர்கள் பலர். ஆனால் அந்த மூலையை நிறமும் கோடும் என்று எனக்கு விளக்க வருபவரோடு நான் இலக்கியம் கதைக்க ஆயத்தமில்லை.

நண்பருக்கு இது உணர்ச்சிவசமாகத் தெரியலாம். பிரதிக்கு வெளியே எதுவும் இல்லை, ஓவியத்தை ஓவியமாகப் பார்க்க வேண்டும் என்று அவர் பதில் எழுதக்கூடும். எழுதட்டும். ஓவியமாகவே பார்த்தால்கூட, கரைவதற்காக வரையப்பட்ட முகத்துக்கும் கரையாமல் இருப்பதற்காக வரையப்பட்ட முகத்துக்கும் வித்தியாசம் கோட்டிலேயே தெரிகிறது. துபுஃபே எல்லைக்கோட்டை இரண்டு உருவங்களுக்கும் பொதுவாக விட்டுவிடுகிறார். யாருடைய தோள் எங்கே முடிகிறது என்று சொல்ல முடியாது. தங்கை ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் கோடு போடுகிறார். இரண்டு பேர் ஒட்டி நிற்கும் இடத்தில் இரண்டு கறுப்புக் கோடுகள் சேர்ந்து தடித்துப்போகின்றன. இடம் வீணாகிறது, படம் பாரமாகிறது, மாக்கரும் சீக்கிரம் தீர்கிறது. அவர் அதைத் தெரிந்தே செய்கிறார். கேட்டேன். "அவங்க ரெண்டு பேரும் வேற வேற வீடு காக்கா" என்றார்.

'தண்ணீர் பவுசர்', 'மைதானம்' இரண்டையும் தங்கையின் அனுமதியோடு இக்கட்டுரையுடன் ஆசிரியர் குழுவுக்கு அனுப்பியிருக்கிறேன். 'மைதானம்' தான் நான்காக மடிக்கப்பட்டது. மடிப்பு விழுந்த இடங்களில் நிறம் உதிர்ந்திருக்கிறது, அதை அவர் திருத்தவில்லை. வெளியிடுவதானால் அவர் எழுதிய தலைப்புகளோடு வெளியிடுங்கள்; 'பெயரற்றது' என்றோ 'கோட்டோவியம்' என்றோ போடவேண்டாம். வெளியிட முடியாதென்றால், இவற்றில் மனிதர்கள் இருக்கிறார்கள், அதனால் முடியாது என்று அடுத்த இதழில் நாலு வரி எழுதுங்கள்.